குழந்தைகள் இல்லாத கரை

“ஊஞ்சலை விட்டு எறங்கு பாப்பா. நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன், ஒரே ஆளு ஆடிக்கிட்டே இருக்க.”

“சுத்தி இத்தனை ஊஞ்சல் சும்மா தொங்குதே. இதுதான் வேணுமா உனக்கு?”

“இதுதான் ஆத்தைப் பாத்தாப்ல இருக்கு.”

“எனக்கும் அதுக்குத்தான் வேணும். ஆமா, உனக்கு என்ன வயசு?”

“வாசல்ல நிக்கற கொக்கைக் கேட்டா ஏழுன்னு சொல்லும். எங்க வீட்டு மருமகளைக் கேட்டா, அறுபது தாண்டியும் அடங்க மாட்டேங்குதுன்னு சொல்லுவா.”

சொல்லிவிட்டு அந்தச் சிறுமி கீச்சென்று சிரித்தாள். ஊஞ்சல் நின்றுவிட்டது. அதில் இருந்தவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ஒரே மைக்குக்கு முன்னால், தோளோடு தோள் உரச நின்று, பல வருடம் கேட்ட சிரிப்பு.

“ஸ்டெல்லாக்கா?”

“அய்யய்யோ, யாருடி அது? இரு, பேரைச் சொல்லாத. இன்னும் ரெண்டு வார்த்தை பேசு.”

“என்னத்தப் பேச?”

“போதும்! மேகலா! நம்ம குட்டி யானை டும்பு!”

இரட்டைச் சடை போட்ட இரண்டு சிறுமிகள் ஆற்றங்கரையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் ஒருத்தி வடபழனியில், மகன் வீட்டு சாய்வு நாற்காலியில் இருந்தாள். இன்னொருத்தி வளசரவாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், தலையில் ஹெட்செட் மாட்டியபடி கட்டில் விளிம்பில் இருந்தாள். இருவருக்கும் தொழில் ஒன்று: திரையில் வரும் குழந்தைகளுக்குக் குரல் கொடுப்பது. நிஜக் குழந்தை மைக் முன்னால் தூங்கிவிடும், வசனத்தை மறந்துவிடும், மிட்டாய் கேட்டு அழும். அதனால் நம் ஊரில் சீரியல் குழந்தையோ கார்ட்டூன் குழந்தையோ, அழுவதும் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்களின் தொண்டையிலிருந்துதான். ஒரு தலைமுறைக்கே டும்பு என்ற யானைக்குட்டி செல்லம். அந்த டும்பு மேகலா.

“நீ எதுக்குடி இங்க வந்த?” என்றாள் ஸ்டெல்லா. “எனக்காவது பொழுது போகல.”

மேகலா ஆற்றைப் பார்த்தாள். எதிர்க்கரையில் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன.

“என் பொண்ணு அந்தக் கரையில இருக்காக்கா.”

“மிருதுளாவா? அவ சின்னப் பொண்ணாச்சே!”

“பன்னெண்டு. கொக்கு அவளைப் பெரியவங்கன்னு சொல்லி அந்தப் பக்கம் விட்டுடுச்சு. என்னைக் குழந்தைன்னு சொல்லி இங்க நிறுத்திடுச்சு.”

அந்த உலகத்துக்குப் பொழில் என்று பெயர். ஹெட்செட்டை மாட்டினால் போதும், மரங்களும் கடைகளும் வீடுகளுமாக விரியும். முன்பு உள்ளே வர அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், முகத்தையும் கொடுக்க வேண்டும். ஒருநாள் அந்த விவரங்களைச் சேர்த்து வைத்திருந்த கிடங்கை யாரோ உடைத்தார்கள். யார் எந்த வேடத்தில் எங்கே உலவினார்கள், யாரிடம் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் ஊர் வாயில் விழுந்தது. வேலை போனவர்கள் உண்டு. வீடு இழந்தவர்கள் உண்டு. அதன்பின் சட்டம் வந்தது: அட்டை கேட்கக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது, ஆனால் சிறுவர்களையும் பெரியவர்களையும் தனித்தனியாக வைக்க வேண்டும். உடனே பொழிலின் நடுவே ஓர் ஆறு ஓடத் தொடங்கியது. பாலத்தின் முனையில் ஒரு கொக்கு வந்து நின்றது. “ஏதாவது பேசுங்கள்” என்று அது கேட்கும். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அலகால் ஒரு கரையைக் காட்டும். குரலை வைத்துக்கொள்வதில்லை, அப்போதே மறந்துவிடும் என்றார்கள். எல்லோரும் கொக்கைப் பாராட்டினார்கள்.

மேகலாவுக்கும் சுதாகருக்கும் மணவிலக்கு ஆனபோது, மஸ்கட்டில் அப்பாவோடு இருக்கும் மகளைச் சனிக்கிழமை மாலைகளில் பொழிலில் சந்திக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. தாயும் மகளும் அங்கே குடைகளால் கூரை போட்ட ஒரு வீட்டைக் கட்டினார்கள். எந்தக் குடை எங்கே என்று சண்டை போட்டே பாதி மாலை போகும். போனில் பேசினால் சுதாகர் பக்கத்தில் இருப்பார், மிருதுளா ‘ம்’ என்பாள், ‘இல்ல’ என்பாள். குடைவீட்டில்தான் வாய் திறப்பாள். கொக்கு வந்த நாளிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

“குரலை மாத்திப் பேசிப் பாத்தியா?”

“கட்டைக் குரல்ல பேசினேன். ‘கண்ணு, உனக்குத் தொண்டை கட்டியிருக்கு, அம்மாகிட்ட சொல்லி வெந்நீர் குடி’ன்னு சொல்லிடுச்சு.”

ஸ்டெல்லா சிரிக்கத் தொடங்கி, மேகலா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“புகார் குடுத்தியா?”

“குடுத்தேன். ‘உன் பெற்றோரை எழுதச் சொல்’னு பதில் வந்துச்சு.”

இப்போதுதான் மேகலா சுற்றும் முற்றும் பார்த்தாள். ஊஞ்சல்கள், சறுக்குமரங்கள், ராட்டினம். சிறுவர் கரை. தமிழ் பேசும் பிள்ளைகள் அத்தனை பேரும் இங்கேதான் இருக்க வேண்டும். காற்றில் ராட்டினம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அக்கா, பிள்ளைங்கல்லாம் எங்க?”

“அதைத்தாண்டி நானும் தேடறேன். நேத்து மூணு பேர் வந்தாங்க. பேசிப் பாத்தா யாருங்கற? நம்ம விசாலி, கிரிஜா, அந்த நெட்டச்சி. மூணும் நம்ம தொழில்தான். டப்பிங் சங்கத்துப் பொதுக்குழுவையே இங்க கூட்டிடலாம் போல.”

*

மறுநாள் மேகலா மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். மிருதுளா குரலைத் தாழ்த்திப் பேசினாள். “அப்பா கிச்சன்ல இருக்கார். சீக்கிரம் சொல்லு.”

“அந்தக் கரையில என்னடா பண்ற?”

“சூப்பரா இருக்கும்மா. யாரும் என்னைப் பாப்பான்னு கூப்பிடறதே இல்ல. அங்க ஒரு அண்ணா இருக்கார். மழைன்னு பேர் வெச்சிருக்கார். என்னை மாதிரி மெச்சூர்டா பேசற ஆளைப் பாத்ததே இல்லையாம்.”

மேகலாவின் கையிலிருந்த டம்ளர் மேசையில் சற்று வேகமாக இறங்கியது.

“ஓ. வேற என்ன பேசுவார்?”

“ஸ்கூல், பாட்டு, எல்லாம். என் ரூம் எப்படி இருக்கும்னு கேட்டார். ஹெட்செட்டைக் கழட்டி அதுல இருக்கற கேமராவை என் பக்கம் திருப்பினா தெரியுமாம். நான் இன்னும் காட்டல.” ஒரு நொடி நின்றாள். “அம்மா, இதெல்லாம் அப்பாகிட்ட சொல்லிடாத. எங்க ரெண்டு பேருக்குள்ளன்னு அவர் சொல்லியிருக்கார். உன்கிட்டதான் சொல்றேன்.”

பின்னால் குக்கர் விசில் அடித்தது. மிருதுளா சட்டென்று உரத்த குரலில், “சரிம்மா, படிக்கறேம்மா, வெச்சிடட்டா?” என்றாள்.

மேகலா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுதாகரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வேலையாக ஹெட்செட்டைப் பிடுங்கிப் பூட்டிவிடுவார். கொக்கு ஒருநாள் சரியானாலும், குடைவீட்டுக் கதவு திறக்காது. மகள் வாய் திறந்து பேசும் ஒரே இடம் போய்விடும். அதைவிட, இன்று தன்னை நம்பிச் சொன்னவள் இனி எதையுமே சொல்லாமல் போய்விடலாம். சொல்லாவிட்டாலோ, அந்த மழை என்பவன் அடுத்து என்ன கேட்பான் என்று நினைக்கவே கூசியது. தானே பாலத்தைத் தாண்டிப் போய் மகள் பக்கத்தில் நின்றுவிட்டால் போதும். ஆனால் கொக்கு அவளை வெந்நீர் குடிக்க அனுப்பும்.

மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.

“போனை உங்கப்பாகிட்ட குடு.”

“எதுக்கும்மா?”

“குடு கண்ணா.”

“அம்மா, வேண்டாம்மா. அம்மா…”

சுதாகர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிரிந்த பிறகு இருவரும் ‘நீங்க’வுக்கு மாறியிருந்தார்கள். “சரி, நான் பாத்துக்கறேன். நீங்க வைங்க” என்றார். போன் அணையும் முன் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. மிருதுளாவின் அறைக் கதவாகத்தான் இருக்க வேண்டும்.

*

“எழுத வேண்டாம், நேர்லயே போயிடுவோம்” என்று ஸ்டெல்லாதான் இழுத்துக்கொண்டு போனாள். பொழிலை நடத்தும் நிறுவனத்தின் அலுவலகம் தரமணியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஸ்டெல்லாவின் நரைத்த கொண்டையைப் பார்த்தாள், வாயிலிருந்து வந்த ஏழு வயதுக் குரலைக் கேட்டாள், பேசாமல் எழுந்து போய் ஓர் இளைஞனை அழைத்து வந்தாள். ரியாஸ் என்று பெயர். தமிழ்க் கொக்குக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

“தப்பே நடக்காதுன்னு சொல்லல மேடம்,” என்றான். “ஆனா ஆயிரக்கணக்கான மணி நேரம் தமிழ்க் குழந்தைங்க பேசறதைக் கேட்டு வளர்ந்த மிஷின் அது.”

“எந்தக் குழந்தைங்க?” என்றாள் மேகலா.

“அதைத்தான் பெருமையா சொல்லிக்கறோம். பெத்தவங்க சம்மதம் இல்லாம குழந்தைங்க குரலைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால ஒரு குழந்தைகிட்டகூட போகல. ஏற்கெனவே வெளிவந்த நிகழ்ச்சிகள்லேர்ந்து எடுத்தோம். சீரியல், கார்ட்டூன், விளம்பரம்.”

ஸ்டெல்லாவும் மேகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தம்பி, நீ சின்ன வயசுல டும்பு பாத்திருக்கியா?”

“பாக்காம? சாப்பாடு இறங்குனதே டும்புவாலதான்.”

மேகலா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அய்யோ, என் தும்பிக்கை ஜன்னல்ல மாட்டிக்கிச்சே! யாராச்சும் இழுங்களேன்!”

ரியாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. “டும்பு நீங்களா? மேடம், எங்கம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சா…” என்று தொடங்கியவன் பாதியில் நின்றான். சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அவன் மனத்துக்குள் சீரியல் குழந்தைகள், விளம்பரக் குழந்தைகள் எல்லோரும் வரிசையாகப் போயிருக்க வேண்டும்.

“அந்த ‘பிஸ்கட் பாப்பா’?”

“நான்தான்,” என்றாள் ஸ்டெல்லா.

“அனாதை ஆசிரமம் சீரியல்ல வர்ற ஆறு பசங்க?”

“நாலு நான், ரெண்டு இவ.”

ரியாஸ் உட்கார்ந்தான். “எங்க மிஷின் கேட்டு வளந்ததுல ஒரு குழந்தைகூட குழந்தை இல்ல.”

“அதுக்குக் குழந்தைன்னா நாங்கதான்,” என்றாள் மேகலா. “எங்களை மாதிரி பேசாத நிஜப் பிள்ளைங்க எல்லாம் பெரியவங்க. அத்தனை பேரும் இப்ப அந்தக் கரையில இருக்காங்க தம்பி. என் பொண்ணும் இருந்தா. ஒருத்தன் அவ ரூமைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கான்.”

ரியாஸ் மடிக்கணினியை இழுத்துத் திறந்தான். பிறகு வேகவேகமாகப் பேசினான். “சரி பண்ணிடலாம். ஒரே வழி, நிஜக் குழந்தைங்க குரல் வேணும். எல்லார் வீட்டு ஹெட்செட்லயும் மைக் இருக்கு. பெத்தவங்க சம்மதம்னு ஒரு பட்டன் வெச்சா போதும், படிக்காமலே அழுத்துவாங்க. கொஞ்ச நாள்ல கொக்கு சரியாயிடும். அதுவரைக்கும் விஷயம் வெளிய போகாம நீங்க ஒத்துழைச்சீங்கன்னா, உங்களுக்கும் மகளுக்கும் ஒரே கரையில இருக்க நான் தனியா அனுமதி போட்டுத் தர்றேன். இந்தச் சனிக்கிழமையே.”

இந்தச் சனிக்கிழமை. அந்தச் சொல் மேகலாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. குடைவீட்டின் படியில் மிருதுளா உட்கார்ந்திருப்பது போலவும், சிவப்புக் குடையை எங்கே வைப்பது என்று தான் வாதாடுவது போலவும் ஒரு கணம் தெரிந்தது. முடிவு இவளுடையது என்பது போல ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி பண்ற வரைக்கும் மத்த பிள்ளைங்க?” என்றாள் மேகலா.

ரியாஸ் மடிக்கணினியை மூடினான்.

“என் குரலை எடுத்தப்ப யாரும் என்னைக் கேக்கல. பரவாயில்ல, நான் வளந்தவ, ஆபீஸ் வரைக்கும் வந்து சண்டை போடறேன். நாளைக்கு உங்க கிடங்கு உடைஞ்சு அவங்க குரல் வெளிய கொட்டினா, பிள்ளைங்க யார்கிட்ட வந்து சண்டை போடும்?”

“அப்ப என்னதான் மேடம் பண்ண?”

“எங்க குரலை எடுத்துடுங்க. என்னோடது, அக்காவோடது, எங்க ஆளுங்க எல்லாரோடதும்.”

“எடுத்தா கொக்குக்குத் தமிழ்ல ஒண்ணுமே தெரியாமப் போயிடும்.”

“தெரியாதுன்னு சொல்லட்டுமே. தெரியாததைத் தெரியும்னு சொல்லித்தானே இவ்வளவும் வந்துச்சு.”

“கொக்குக்குத் தெரியலன்னா, தெரிஞ்ச மனுஷங்க வந்து வாயால சொல்லணும்னு சட்டத்துல இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் அவங்களை அறிஞ்ச ஒரு ஆள் வரணும். எவ்வளவு பெரிய தலைவலி தெரியுமா?”

“ஒருத்தரை இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கறது ஒரு தலைவலியாப்பா?” என்றாள் ஸ்டெல்லா, பிஸ்கட் பாப்பாவின் குரலில்.

ரியாஸ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். மேலதிகாரிகளைக் கேட்க வேண்டும் என்றான், நாளாகும் என்றான். ஆனால் அன்று மாலை மேகலா ஹெட்செட்டை மாட்டியபோது, கொக்கு தலையைச் சாய்த்து அவள் பேச்சைக் கேட்டது, வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் யோசித்தது, பிறகு, “எனக்குத் தெரியவில்லை” என்றது. பாலத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு இரண்டு கரையும் தற்காலிகமாக மூடல். ரியாஸ் யாரையும் கேட்கவில்லை என்பதும், அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான் என்பதும் பிறகு தெரிந்தது. அந்த மழை என்பவனைப் பற்றிய புகாரையும் அவனே போலீசிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான்.

*

ஐப்பசி மழை விட்டபோது பொழிலுக்குள், பாலத்தருகே, சாட்சி அறைகள் திறந்தன. ஒரு மேசைகூட இல்லாத வெறும் அறை. அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். பதிலை எங்கும் பதியக் கூடாது, யார் வந்தார்கள் என்பதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. கதவை மட்டும் திறக்கலாம்.

சிறுவர் கரைக்குள் ஒரு பெரியவர் போக வேண்டுமானால், அந்தப் பிள்ளையை வளர்ப்பவர் வந்து சொல்ல வேண்டும். மேகலா சுதாகருக்குப் போன் செய்து கேட்டிருந்தாள். “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார். பாக்கலாம் என்றால் சுதாகர் அகராதியில் பெரும்பாலும் முடியாது என்று பொருள். அதனால் அந்தச் சனிக்கிழமை அறைக்குள் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோது, அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இவர் அந்தக் குழந்தையின் தாயா, வயது வந்தவரா?” என்று சாட்சி கேட்பவர் கேட்டார்.

“தாய்தான். வயசு…” சுதாகர் கொஞ்சம் தயங்கினார். “என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க. எங்க வீட்ல இது யாருக்கும் தெரியாது. இங்க சொன்னா வெளிய போகாதுன்னாங்க.”

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடம் அவர் கட்டிக் காத்த ரகசியம் அது. பெண் பார்க்க வந்த அன்று அவர் தன் அம்மாவிடம் சொன்ன பொய்.

“நன்றி,” என்றாள்.

“நான்தான் சொல்லணும்,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “அவ உங்க மேல கோவப்படுவான்னு தெரிஞ்சும் சொன்னீங்க. உங்க இடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல.” பிறகு, “ஹெட்செட்டைக் குடுத்துட்டேன். உள்ளதான் இருக்கா. இன்னும் கோவமாத்தான் இருக்கா” என்றார்.

கதவு திறந்தது.

முதலில் வந்தது இரைச்சல்தான். சிறுவர் கரை முழுவதும் பிள்ளைகள். ராட்டினத்துக்கு வரிசை நின்று ஒருவரையொருவர் தள்ளினார்கள். ஒரு பையன் மூக்கால் பேசினான், ஒரு பெண் கட்டைக் குரலில் அதட்டினாள், யாரோ ஒருத்தி வார்த்தைகளை முழுங்கி முழுங்கி ஓடினாள். ஒருவர்கூட டும்பு மாதிரி பேசவில்லை. இத்தனை வருடம் மைக் முன்னால் நின்று தான் செய்தது குழந்தையின் குரலே இல்லை என்பது மேகலாவுக்குப் புரிந்தது. அது குழந்தை என்று பெரியவர்கள் ஆசைப்பட்ட ஒன்று. அந்த எண்ணம் ஏனோ வலிக்கவில்லை. நின்று இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும் போலிருந்தது.

குடைவீட்டின் படியில் மிருதுளா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேகலா ஒரு படி விட்டு உட்கார்ந்தாள்.

“சிவப்புக் குடை சாஞ்சிருக்கு,” என்றாள் மேகலா.

மிருதுளா முழங்கால்களை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“நீ வேணும்னா அதை உன் ஜன்னல் பக்கமே வெச்சுக்கோ.”

“இப்ப வந்து விட்டுக் குடுக்காத,” என்றாள் மிருதுளா. “உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நான் கெஞ்சக் கெஞ்ச அப்பாகிட்ட சொன்ன.”

“ஆமா.”

“அவன் தப்பானவன்னு எனக்கு இப்ப தெரியும். போலீஸ் ஆன்ட்டி வீடியோ கால்ல பேசினாங்க. அது வேற. நீ சொன்னது வேற.”

“ரெண்டும் வேறதான்,” என்றாள் மேகலா. “நீ கோவப்படறதும் சரிதான்.”

மிருதுளா அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், காலால் படியை உதைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றின் மேல் கொக்கு ஒன்று தாழப் பறந்து போனது. வேலை இல்லாத கொக்கு. பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் நகர்ந்து நகர்ந்து அம்மாவின் படிக்கே வந்துவிட்டாள். தோள் உரசியது. ஹெட்செட்டில் தொடுவது தெரியாது, இருந்தாலும் உரசியது.

“இத்தனை நாளா உனக்குன்னு ஒரு விஷயம் வெச்சிருக்கேன்மா,” என்றாள். “யார்கிட்டயும் சொல்லல. தப்பா ஒண்ணும் இல்ல. எனக்குத் தப்புன்னு தோணல.”

“சொல்லேன்.”

“முதல்ல நீ சொல்லு.” அவள் திரும்பி, வலது கையை விரித்து அம்மாவின் முன்னால் நீட்டினாள். “நான் என்ன சொன்னாலும் இந்த வீட்டை விட்டு வெளிய போகாது. அப்பாகிட்ட, ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட, யார்கிட்டயும். கையில அடிச்சு சத்தியம் பண்ணும்மா.”